காய்ச்சலுக்காகக் காத்திருந்தோம்

இந்தக் கிருமி உடம்பின் காவலைத் தூங்கவைத்துவிட்டு உள்ளே புகுகிறதாம். காய்ச்சல் அடித்தால் உடம்பு விழித்துக்கொண்டது, பிழைக்கலாம் என்றாள் நர்ஸ். சர்க்கார் ஆள் பேச்சை நான் நம்புகிறவன் இல்லை. எதிர்வீட்டில் சூடே காணாத மூன்று பேரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போன பிறகு நம்பினேன். காய்ச்சல் வந்த வீட்டார் இப்போது தெருவுக்கே சர்க்கரை கொடுக்கிறார்கள்.

என் மனைவி பேச்சியம்மாளுக்குக் கிருமி என்று தெரிந்த ஒன்பதாம் நாள் நெற்றி கொதித்தது. சர்க்கரை வாங்க ஓடினேன். திரும்பி வந்தால் நெற்றி சில்லென்று இருக்கிறது.

"என்னடி செஞ்ச?"

"மேலெல்லாம் வலிச்சுது. பழைய காய்ச்சல் மாத்திரை கெடந்துச்சு, போட்டுக்கிட்டேன். காய்ச்சல்தான் வந்திருச்சுல்ல, இனி பொழச்சாச்சு. ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீரு?"

வீட்டிலிருந்த கம்பளி அத்தனையும் எடுத்து அவளைப் போர்த்தினேன். நன்றாக வியர்த்தது. நெற்றி மட்டும் சுடவில்லை.