ஜீப்பில் வந்தவள்

“எனக்கு எங்கம்மா வேணும். என்னை அனுப்பிடுங்க.”

குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த அம்சவல்லியின் கை அப்படியே நின்றது. அடுப்படி வாசலில், தோளில் பையோடு நின்றாள் செந்தாமரை.

அந்த வீட்டில் கேட்கவே கூடாத ஒன்றை அவள் கேட்டுவிட்டாள். நாலு வருஷத்துக்கு முன்னால், குழந்தைகள் நலக் கமிட்டியின் ஜீப் வலங்கைமானைத் தாண்டும்போதே, கூட வந்த அதிகாரி சொல்லித்தான் கூட்டிவந்தார். “என்ன வேணும்னாலும் கேளும்மா. பழைய வீட்டுப் பேச்சை மட்டும் எடுக்காத. அந்தம்மா நொந்துபோயிடுவாங்க.”

அம்சவல்லி குவைத்தில் வீட்டு வேலை பார்த்துச் சம்பாதித்து வந்து கட்டிய மெத்தை வீடு அது. பேச்சுத் துணைக்கு ஈ, காக்கை கிடையாது. கமிட்டி ஆபீசுக்கு நடையாய் நடந்து, அழுது, செந்தாமரையைக் கேட்டு வாங்கினாள். வந்தவளுக்குத் தனி அறை, மேசை, பீரோ.

பீரோவில் இன்றுவரை ஒரு துணிகூட ஏறவில்லை. எல்லாம் பைக்குள்தான். பானையில் தண்ணீர் மொள்வதற்குக்கூட “எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் மொள்வாள். “எவ்வளவு அடக்கம் பாருங்க எம்புள்ளைக்கு!” என்று அம்சவல்லி தெருவெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்திலும் அவள் யாரோடும் ஒட்டவில்லை. ஒட்டினால் பிய்த்தெடுக்க இன்னொரு ஜீப் வரும். இன்டர்வெல் முடிந்து மணி அடிக்கும்வரை குழாயடியில் கை கழுவிக்கொண்டே நிற்பாள்.

லீவு நாளில் அம்சவல்லியோடு நடவுக்குப் போனால் அங்கேயும் ஓரம்தான். இடக்கைக்காரி நட்டால் பக்கத்து ஆளின் முழங்கையில் இடிக்கும் என்று வரிசையின் கோடியில் நிறுத்துவார்கள். அந்தக் கோடியில் ஏற்கெனவே அம்சவல்லி. “ஒரு பீச்சாங்கை போதாதுன்னு இன்னொண்ணு வந்து சேந்துச்சாக்கும்!” என்று நடவுப் பெண்கள் சிரித்தார்கள். செந்தாமரை சிரிக்காமல் நட்டாள்.

“உனக்கு என்னடி குறை வச்சேன்?” அம்சவல்லி அடுப்பை அணைத்தாள்.

“ஒரு குறையும் வைக்கல.”

“பின்ன? பேச்சு மூச்சில்லாம வந்து நின்ன. சைக்கிள் வாங்கிக் குடுத்தேன். காலேஜ்ல எடம் புடிச்சேன். இந்தத் தெருவுலயே காலேஜ் வாசல மிதிக்கப்போற மொத ஆளு நீதான். அங்க என்ன இருக்கு? ஒரு தகரக் கொட்டகை, ஒரு தையல் மிஷினு!”

“எங்கம்மா இருக்காங்க.”

“தெனம் பாத்துப் பாத்துப் பொங்கிப் போடுறேனே, அது?”

“மெஸ்ஸுலயும்தான் பொங்கிப் போடுறாங்க.”

அம்சவல்லியின் முகம் செத்துப்போயிற்று. “அவ்வளவு பாசம் இருந்தா, உன்னைக் கூட்டியாந்த அன்னிக்கி அவ ஏன் விட்டா?”

“எங்க விட்டாங்க? ஜீப் கதவப் புடிச்சுக்கிட்டே திருவிடைமருதூர் கடைத்தெரு வரைக்கும் ஓடி வந்தாங்க. சட்டம் உங்க பக்கம் இருந்துச்சு. என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. ஆட்டுக்குட்டிய வண்டி மாத்துற மாதிரி மாத்தினீங்க.”

செந்தாமரையின் குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

“எனக்குக் கெட்ட கனா வந்தா அவங்க எழுப்ப மாட்டாங்க. சத்தமில்லாம பக்கத்துல வந்து படுத்துக்குவாங்க. இங்க வந்ததுலேருந்து நானே எழுந்து, லைட்டப் போட்டுக்கிட்டு, செவுத்தப் பாத்து உக்காந்திருக்கேன்.”

“பக்கத்து ரூம்லதானே கெடக்குறேன்? என்னைக் கூப்பிட்டா என்ன?”

“உங்கள என்னன்னு கூப்பிடுறது?”

அம்சவல்லி கரண்டியை இறுகப் பிடித்தாள். இத்தனை காலமும் ‘இந்தாங்க’, ‘கேட்டுச்சா’ என்றே ஒப்பேற்றியிருந்தாள் அந்தப் பெண்.

“நேத்தோட எனக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சு. இனிமே எந்தக் கமிட்டியும் என்னைத் தூக்கிக் குடுக்க முடியாது. ஒரு மரியாதைக்குத்தான் கேட்டேன். நான் முடிவு பண்ணியாச்சு.”

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினாள். வாய்க்கால் மதகைத் தாண்டினால் பஸ் ஸ்டாப். கும்பகோணம் பஸ் வரும் நேரம்.

பிடித்த கரண்டியோடு வாசலுக்கு ஓடிவந்தாள் அம்சவல்லி. எதிர்வீட்டு சிங்காரவேலு பேப்பரை மடித்துவிட்டு எட்டிப் பார்த்தார். “என்ன அம்சவல்லி, காலையிலயே பஞ்சாயத்து?”

அவள் காதில் அது விழவேயில்லை. “செந்தா! ஏ செந்தா!”

செந்தா திரும்பவில்லை. வேகம் மட்டும் கூடியது.

தெருவே கேட்க அம்சவல்லி அலறினாள்:

“கவருமெண்டு காசு வாங்கி வளத்தவடி அவ! பெத்தவ நான்டி!”