வெட்டுண்ட முன்சொல்

"அந்த எச்சரிக்கைய நான் எடுக்கலண்ணா. வேற ஒருத்தர் எடுத்தத திருப்பி வெச்சதே நான்தான்."

விழுப்புரத்திலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வந்த சோர்வு அன்புச்செல்வியின் குரலில் இருந்தது. மணிமாறன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். மருந்துக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருளைச் செய்யும் அந்தத் திண்டிவனத்து அலுவலகத்தில் அவன் குழுத் தலைவன்.

"முதலாளி வாராவாரம் போற சுருக்கத்த மட்டுந்தான் படிப்பாரு. உன் பேருக்கு நேரா 'காலாவதி மருந்து எச்சரிக்கையை நீக்கியது'ன்னு இருக்குது. சாயங்காலம் உன்ன வேலைய வுட்டு அனுப்பிடணும்னு குதிச்சிக்கினு இருக்காரு."

"நான் எழுதனத முழுசாப் பாருங்க."

மென்பொருளில் எதை மாற்றினாலும் ஒரு வரிக் குறிப்பு எழுதுவது அங்கே வழக்கம். 'ரிவர்ட்: காலாவதி மருந்து எச்சரிக்கையை நீக்கியது' என்று அவள் எழுதியிருந்தாள். 'ரிவர்ட்' என்றால் முன்பு செய்ததை ரத்து செய்வது; அந்த நீக்கத்தை அவள் ரத்து செய்தாள் என்பது பொருள். குறிப்புகளைச் சுருக்கும் நிரலோ முன்னால் நின்ற சொல்லைக் கண்மூடி வெட்டியிருந்தது. காத்தவள் மேல் பழி வந்து விழுந்தது.

"முன்னாடி 'ஃபிக்ஸ்', 'நியூ'ன்னு இருந்தா வெட்டட்டும். 'ரிவர்ட்'ட வெட்டுனா தலைகீழா ஆவுதே. யாருண்ணா இத எழுதனது?"

"நான்தான்."

"நல்லா எழுதனீங்க போங்க. எங்க வீட்ல என் சம்பளம் ஒண்ணுதான்."

"இந்த வாரத்த மட்டும் திருத்தி அனுப்பட்டா?"

"எனக்காக மாத்துனீங்கன்னு சொல்லுவாரு. வருஷம் முழுசும் திரும்ப ஓட்டி அனுப்புங்க. எல்லாரோடதும் மாறினாத்தான் நம்புவாரு."

மணிமாறன் திரையையே பார்த்திருந்தான்.

"இன்னாண்ணா இவ்ளோ யோசன? உங்க வேலையா போவுது?"

"டீ குடிச்சிட்டு வாம்மா," என்றான் அயர்ந்த சிரிப்போடு.

அவள் படியிறங்கினாள். அறிந்த இரு முன்சொற்களை மட்டும் வெட்டு, மற்றவற்றைத் தொடாதே என்று அவன் நிரலைத் திருத்தினான். ஆண்டு முழுமைக்கும் ஓட்டி, முதலாளிக்கு அனுப்பினான்.

அன்புச்செல்வியின் பழி நீங்கியிருந்தது. அதற்குக் கீழே அவன் பெயரில், 'தவணை விற்பனையைச் சேர்த்தது', 'கிளைக் கடைகளைச் சேர்த்தது' என்று முதலாளி படித்து மகிழ்ந்து அவனைக் குழுத் தலைவனாக்கிய வரிகள் ஒவ்வொன்றின் முன்னும் 'ரிவர்ட்' வந்து நின்றது.