அச்சில் சிக்கியது

ஒரகடம் கல்யாண மண்டபத்தில் பொம்மை ரயில் சேகரிப்பாளர்களின் மாநாடு. ஷிப்ட் முடிந்த கையோடு வேல்ராஜ் ஒரு சின்ன இஞ்சினைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, பழுது பார்க்கும் மேசைக்கு வந்தான்.

"நாளைக்கு எம் மக கனிஷ்காவுக்குப் பிறந்தநாளுண்ணே. எப்படியாவது இது ஓடணும்."

சேகரிப்பாளர் செந்தமிழன் அதைக் கவிழ்த்துப் பார்த்துச் சிரித்தார். "மோட்டாரு நல்லாத்தான் கீது. பாப்பா தரையில படுத்துக்கினு ரயில் பாக்குமா?"

"ஆமாண்ணே. கன்னம் தரையில ஒட்டணும் அவளுக்கு."

"அதான். தலைமுடி அச்சுல மாட்டும். ஒவ்வொரு சுத்துக்கும் இறுகிக்கினே போயி பல்சக்கரத்தப் புடிச்சிக்கும். எல்லா வூட்லயும் இதே கததான்."

இடுக்கியால் ஒரு நீள முடியை உருவி, ஊதித் தள்ளினார். தண்டவாளத்தில் வைத்ததும் இஞ்சின் கூவிக்கொண்டு ஓடியது.

"இனிமே முடியக் கட்டிக்கினு வெளாடச் சொல்லுப்பா... இன்னா, கீழ இன்னா தேடுற?"

வேல்ராஜ் மேசைக்கடியில் மண்டியிட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அந்த முடியத்தாண்ணே. புள்ள தவறி ரெண்டு வருசமாச்சு. அவ உடம்புல மிச்சம்னு எங்களுக்கு அது ஒண்ணுதான்."

செந்தமிழன் பாய்ந்துபோய் மேசைக்கு மேலே சுழன்ற மின்விசிறியை நிறுத்தினார். மண்டபத்தில் இன்னும் ஏழு விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன.