எஞ்சின் போடும் நாலு சத்தம்

"டுபு டுபு டுபு... டொக்! அப்புறம் கிணிகிணிகிணின்னு ஒண்ணு. இப்படித்தான் மாமா."

வாயாலேயே எஞ்சினை ஓட்டிக் காட்டியதில் படகுக்காரரின் மகனுக்கு மூச்சு வாங்கியது.

ஆற்றங்கரைப் பட்டறையில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் எழுந்து வந்தார். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை அவன் நெஞ்சில் வைத்து, பிடியைத் தன் காதோடு ஒட்டிக்கொண்டார். எந்த எஞ்சின் வந்தாலும் அவர் முதலில் செய்வது இதைத்தான்.

"இன்னொரு வாட்டி ஸ்டார்ட் பண்ணு."

"விளையாடாதீங்க மாமா. நாளைக்கு அப்பா வந்துடுவாரு."

அதுதான் சிக்கல். ஆபரேஷன் முடிந்து, இரண்டு கண்ணிலும் கட்டோடு அப்பா நாளை வீடு திரும்புகிறார். பஸ் நிற்பது இக்கரையில். வீடு அக்கரையில். நடுவில் ஆறு, ஆற்றைக் கடக்க அவருடைய சொந்தப் படகு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "நான் வந்து ஏறி உக்காந்ததும் எஞ்சின் சத்தத்தைத்தான் கேப்பேன். உன் கையில அது கெட்டுப்போயிருந்துச்சுன்னா, படகு மாப்பிள்ளைக்குத்தான்."

மாப்பிள்ளை என்றால் அக்காவின் கணவர். வாளியில் தண்ணீர் ஆடினாலே தலை சுற்றுகிறவர்.

"அத்தான் கைக்குப் போனா அது படகாவே இருக்காது மாமா. கரையில இழுத்துப் போட்டு, மண்ணை நிரப்பிப் பூச்செடி வெச்சுடுவாரு. எனக்கு இதை விட்டா வேற என்ன தெரியும்?"

"அழாதே. ஒண்ணொண்ணா வா. அந்தக் கிணிகிணி எப்போ வருது?"

"மெதுவா போறப்போ மட்டும். வேகம் எடுத்தா நின்னுடும்."

"மேல்மூடியோட கொக்கி லூஸு. அடுத்தது?"

"கியர் போட்டதும் ஒரு டொக்."

"கியர் ராடுல ஆட்டம். அப்புறம்?"

"சும்மா நின்னு ஓடறப்போ டுபு டுபுன்னு வந்து, நடுவுல ஒண்ணை முழுங்கிடும். பெரிய மனுஷன் பேசிக்கிட்டே கொட்டாவி விடற மாதிரி."

"ஒரு பிளக் சரியா எரியல. முடிஞ்சுதா?"

"முழு வேகத்துல கடகடகடன்னு படகே உதறும். பேசினா வார்த்தை துண்டு துண்டா விழும்."

"ப்ரொப்பெல்லர் இதழ் ஒண்ணுல சில்லு போயிருக்கு."

"அது நான் பொறந்த அன்னிக்கு வந்தது மாமா. அம்மாவை ஏத்திக்கிட்டு அவசரமா வந்ததுல பாறையில அடிச்சுதாம். 'நீ பொறந்த சத்தம்டா இது'ன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு."

"அப்படியா சொன்னான்?" மெக்கானிக் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"ஏன், உங்ககிட்ட சொன்னதில்லையா?"

"எங்கிட்ட எதுக்குச் சொல்றான்? சரி பண்ணித் தரேன்னு எத்தனை வாட்டி கேட்டிருப்பேன். 'அந்தச் சத்தத்துல கை வெச்சே, நமக்குள்ள பேச்சே கிடையாது'ன்னுட்டான்."

மகன் பழைய டயர்மேல் உட்கார்ந்தான். அவன் குரல் சற்று இறங்கியது.

"சின்ன வயசுல, அந்தச் சத்தம் ஆத்து வளைவுல கேட்டதுமே அக்கா டிவியை அணைச்சுடுவா. நான் புத்தகத்தைத் திறந்துடுவேன். பாதி நாள் தலைகீழாத்தான் இருக்கும். அம்மா அடுப்பைப் பத்த வெச்சுட்டு, கண்ணாடி முன்னால போய்த் தலையை ஒரு தடவை வாரிக்குவாங்க. அஞ்சு படகு சேர்ந்து வந்தாலும் எங்க நாய் அந்த ஒண்ணுக்குத்தான் வாலாட்டும்."

"என் வீட்டுக்காரிக்கு மட்டும் கேக்காதா என்ன? 'உங்க கூட்டாளி வந்தாச்சு, சீட்டுக்கட்டைத் தூக்கிட்டுக் கிளம்புங்க'ம்பா. அவ கோவத்துக்கே அந்தச் சத்தம்தான் சாவி."

இருவரும் சிரித்தார்கள். பிறகு ஆற்றைப் பார்த்தார்கள். அங்கே யாருடைய படகோ ஒன்று, எந்தத் தனித்தன்மையும் இல்லாத ஒழுங்கான சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது.

மெக்கானிக் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "சரி, அரை நாள் வேலைதான். போய்க் கழட்டி எடுத்துட்டு வா. நாலு சத்தத்தையும் துடைச்சு எடுத்துடறேன். பட்டு மாதிரி ஓடும்."

மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பட்டு மாதிரிதான் மாமா ஓடுது. அதான் பிரச்சினையே."

"என்னடா சொல்றே?"

"பழைய எஞ்சின் ஆத்துக்கு அடியில இருக்கு. படகோட சேர்த்து இறுக்கற திருகை முடுக்க மறந்துட்டேன். வளைவுல வேகமா திருப்பினேன். படகு திரும்பிடுச்சு, எஞ்சின் நேரா போயிடுச்சு. முங்கி முங்கித் தேடியும் கிடைக்கல. இப்போ மாட்டியிருக்கறது புத்தம் புதுசு. நாளைக்குள்ள இந்த நாலு சத்தத்தையும் அதுல வெச்சுக் குடுங்க மாமா."

மெக்கானிக் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பெட்டியைத் திறந்து ஓர் அரத்தை எடுத்து, அதன் கூர்மையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"மூணு சத்தம் சுலபமா வந்துடும், இதழ்ல சில்லு எடுக்கத்தான் நேரமாகும்," என்றார். "உங்க தாத்தாவோட எஞ்சினை ஆத்துல போட்டுட்டு உங்க அப்பன் இதே மாதிரி வந்து நின்னப்பவும், அதுக்குத்தான் ஒரு பகல் முழுக்க அரம் போட்டேன்."