உடைப்பு

அவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினார்.

பனி உருகி வந்த தண்ணீர். குளிர் எலும்புவரை ஏறியது.

கரையில் ஒரு முழ அகலத்துக்கு உடைப்பு. தண்ணீர் அதன் வழியாக மலைச்சரிவில் இறங்கி, புல்லுக்குள் புகுந்து, பத்தடி தள்ளி இருந்த இடம் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

பார்த்துவிட்டுச் சும்மா போக அவரால் முடியாது. முப்பத்தாறு வருடம் பொதுப்பணித் துறையில் வாய்க்கால் வாய்க்காலாக அலைந்த மனிதர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. கைகளுக்கு மட்டும் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை.

புல்லோடு மண்கட்டிகளைப் பெயர்த்து அடுக்கினார். நடுவில் கல். மேலே மண். மிதித்து இறுக்கினார்.

கால் மணி நேரத்தில் தண்ணீர் நின்றது.

பேத்தியோடு முன்னால் போயிருந்த மகள் தமயந்தி, அப்பாவைக் காணோமே என்று திரும்பி வந்தாள். சேறும் சகதியுமாக நின்றவரைப் பார்த்தாள்.



ஸ்பெயினில் மகள் இருக்கும் கிரனாடாவுக்கு, பேத்தியைப் பார்க்க அவர் வந்து பத்து நாள். ஊர் உலகமெல்லாம் அங்குள்ள பழைய அரபுக் கோட்டை வாசலில் வரிசையில் நிற்கும். தமயந்தி அந்தப் பக்கமே போகமாட்டாள். புதர் மூடிய பாதைகளைத் தேடிப் பிடித்து வரைபடத்தில் ஏற்றுவதுதான் அவள் வேலை. கழுதைகள் ஏறிய படிகள், குகை வீடுகளின் பின்வழி, இப்போது நகரத்துக்கு ஒரு மணி நேரம் தள்ளி இந்த வாய்க்கால் கரை. எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் வரலாறு சொன்னாள்.

அம்மாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஸ்பானியனைக் கட்டிக்கொண்டவள் என் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்றவர் அவர்தான். ஐந்து வருடம் முன்பு மனைவி செண்பகம் இறந்தபோது, தகனம் முடிந்த பிறகுதான் மகளுக்குச் சொன்னார்.

நாளை விமானம். பெற்றவளை இவள் மனதிலிருந்து துடைத்தே போட்டுவிட்டாளா? அது தெரியாமலே ஊர் திரும்ப வேண்டியதுதான் என்று நினைக்கும்போதே அவருக்குப் பயமாக இருந்தது.

மேட்டிலிருந்து மண்வெட்டியோடு ஒரு பெண் இறங்கி வந்தாள். நாற்பது வயது இருக்கும். மாரிபெல், இந்த வாய்க்காலைப் பார்த்துக்கொள்கிறவள் என்றாள் தமயந்தி.

மாரிபெல் அவர் போட்ட கட்டைச் சுற்றிவந்து பார்த்தாள். மெச்சுவது போலத் தலையை ஆட்டினாள்.

பிறகு இரண்டே வெட்டு. தண்ணீர் மறுபடியும் சரிவில் பாய்ந்தது.

அவர் பதறிப்போனார். "வீணாப் போகுதேம்மா. அவங்ககிட்ட சொல்லு."

இரண்டு பெண்களும் பேசிக்கொண்டார்கள். மாரிபெல் சிரித்தாள்.

"நல்ல கட்டுதானாம்ப்பா. இடம்தான் தப்பாம்" என்றாள் மகள். "இது உடைப்பு இல்ல. அவங்களே திறந்துவிடுறது. மலைக்குக் குடிக்கக் கொடுக்குறாங்க."

"மலைக்கா?"

"உள்ள போற தண்ணி மெதுவா நடந்து, ரெண்டு மூணு மாசம் கழிச்சுக் கீழ ஊர் ஊத்துல வரும். கோடையில பனி தீர்ந்துபோனாலும் ஊத்து வத்தாது. அரபிக்காரங்க ஆண்ட காலத்துலேர்ந்து இப்படித்தான்."

"உள்ள எந்த வழியாப் போகுதுன்னு யாருக்குத் தெரியும்?"

மகள் கேட்டுச் சொன்னாள். யாருக்கும் தெரியாதாம். யாரும் பார்த்ததில்லையாம்.

அவருக்கு மெய்சிலிர்த்தது.

ஆயிரம் வருடம். கண்ணால் காணாத வழியை நம்பி, கைக்கு வந்த தண்ணீரை மண்ணுக்குள் விட்டிருக்கிறார்கள். அவரோ கசிவு என்று கோப்பில் பார்த்தாலே ஆளைக் கூப்பிட்டு ஏசியவர்.

ஒற்றையடிப் பாதையில் கீழே இறங்கினார்கள். பாதத்துக்கு அடியில் தண்ணீர் இருட்டில் நடந்துகொண்டிருக்கிறது. வைகாசி வெயிலில், காய்ந்த மண்மேல், அவர் பூனை மாதிரி அடியெடுத்து வைத்தார்.

ஊர் எல்லையில் ஒரு கல் சுவர். சுவரில் ஒரு குழாய். பங்குனி மாதத்துத் தண்ணீர் இப்போது வந்து விழுந்துகொண்டிருந்தது.

பேத்தி அல்பா முதலில் ஓடினாள். நான்கு வயது. தமிழ் தெரியாது. பாட்டியின் முகம் தெரியாது.

கை ஏந்தித் தண்ணீரைப் பிடித்தாள்.

குடிக்கவில்லை. குனிந்து, சுவரோரம் தரையில் ஊற்றினாள். அடுத்த கைத் தண்ணீரைத்தான் குடித்தாள்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

ஆறானாலும் அடிபம்பானாலும் செண்பகம் அப்படித்தான். முதல் கைத் தண்ணீர் தரைக்கு. தண்ணியை ஏன்டி கொட்டுகிறாய் என்று முப்பது வருடம் திட்டியிருக்கிறார். தரைக்கும் தாகம் இருக்காதா என்பாள்.

தமயந்தி போனாள். பிடித்தாள். ஊற்றினாள். பிறகு குடித்தாள். அது அவளுக்கு மூச்சு விடுவது போல இருந்தது.

அடுத்தது அவர் முறை.

ஒரு சொட்டை வீணாக விடாத மனிதர். வலது கையை நீட்டினார். உள்ளங்கை நிறைந்தது. விரல்களைத் திறந்து தரையில் விட்டார்.

மகள் வேறெங்கோ பார்த்தபடி நின்றாள்.

"அம்மா ரெண்டு கையாலயும் ஊத்துவாங்கப்பா" என்றாள்.

அவர் இடது கையையும் நீட்டினார்.