வேனின் உள்விளக்கு

ஐந்தாவது பியூசும் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு கணம் மின்னிக் கருகியது. அன்று காலை தன் கையாலேயே பூட்டிய புதிய சுவிட்சை, பெற்ற பிள்ளை பகைத்து நின்றாற்போல யோகராஜா வெறித்துப் பார்த்தான்.

லண்டனின் மிச்சம் பகுதியில், அவன் வீட்டு வாசலில், எண்பத்தொன்பதாம் ஆண்டுக் கார்த்திகைக் குளிரில் நின்றது அந்தப் பழைய வேன். முதியோரைப் பகல்நேர நிலையத்துக்கு ஏற்றியிறக்கும் கவுன்சில் வேலைக்கென்றே அதை வாங்கியிருந்தான். சாரதி இருந்த இடத்திலிருந்தே உள்விளக்கைப் போட ஒரு சுவிட்ச் வேண்டும் என்றார்கள். பார்வையிட அதிகாரி இரண்டு மணிக்கு வருவார். இதனை நம்பிப் பாண் சுடும் தொழிற்சாலை வேலையை அவன் போன கிழமைதான் விட்டிருந்தான்.

“வயர் எங்கயோ தகரத்தில முட்டுது, அதுதான் பியூஸ் எரியுது,” என்றான் செல்வரத்தினம். கராஜில் வேலை செய்பவன். யோகராஜாவின் மனைவி தவநாயகிக்குத் தமையன். “சுவிட்ச் ஒண்டு பூட்டத் தெரியாதவனுக்கோ என்ர தங்கச்சியைக் குடுத்தனாங்கள்?”

“பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகோ விசாரிக்கிறாய்? டோர்ச்சை நேரா பிடி, மச்சான்.”

யோகராஜா சுவிட்சையே கழற்றி, வயர் நுனிகளுக்கு நாடா சுற்றினான். ஆறாவது பியூசைக் கையில் எடுத்தான்.

“இஞ்சாருங்கோ, கொஞ்சம் பொறுங்கோ.” ஒவ்வொரு முறையும் செய்ததுபோலவே தவநாயகி முன்னிருக்கைக்குள் குனிந்து, விக்கினம் களையும் ஐங்கரனை வாய்க்குள் துதித்துவிட்டு விலகினாள். “ஓம், இனிப் போடுங்கோ.”

போட்டான். மின்னியது, கருகியது.

சுவிட்ச் கழன்று அவன் மடியிலே கிடந்தது. பழி சுமத்தக்கூட இனி ஒரு பொருள் இல்லையே என்ற எரிச்சல் அவனுக்குத் தலைக்கேறிற்று.

செல்வரத்தினம் அப்போதுதான் கேலியை விட்டான். “இந்தப் பியூசிலதான் சிகரெட் லைட்டரும் ஓடுது. நீ அதைப் பாவிக்கிறியோ?”

“நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. வேன் வாங்கின அண்டைக்கே அந்தச் சனியனைப் பிடுங்கி எறிஞ்சிட்டன். வெறும் ஓட்டைதான் கிடக்கு.”

“அப்ப அதில்லை. கூரைக்குள்ள பழைய வயர் உராஞ்சு போச்சு. எல்லாத்தையும் கழட்டிப் பாக்கவேணும். ரெண்டு நாள் வேலை.”

“ரெண்டு மணிக்கு ஆள் வருது. நீ ரெண்டு நாள் எண்டுறாய்.”

“நானோ உன்னை அவசரப்பட்டு வேலையை விடச் சொன்னனான்?”

யோகராஜா கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஒன்றரை. அதிகாரி ஒருமுறை ஆகாது என்று எழுதிவிட்டால் அந்த வேலை அடுத்தவனுக்குப் போகும். விட்டு வந்த தொழிற்சாலையோ மீண்டும் கதவு திறவாது. கரைக்கு எட்டும் தூரத்தில் கலம் கவிழ்ந்தவனைப்போல அவன் இருக்கையில் சாய்ந்தான்.

“பெட்டியில இன்னும் ஒரு பியூஸ்தான் கிடக்கு,” என்றான் கடைசியில். “அதையும் கருக்கிப் பாக்க என்னால ஏலாது. போன் பண்ணி, வரவேண்டாமெண்டு சொல்லப் போறன்.”

அவன் இறங்கி நடந்தான். தவநாயகி ஓடிவந்து குறுக்கே நின்றாள். குளிரிலும் அவள் முகத்தில் சற்றும் கலக்கமில்லை.

“பயப்பிடாதேங்கோ. விடியத்தொட்டு ஒவ்வொரு பியூஸ் போடமுன்னமும், பிள்ளையாருக்கெண்டு ஒவ்வொரு பென்னிக் காசா அந்த லைட்டர் ஓட்டைக்குள்ள போட்டுக்கொண்டெல்லோ வாறன்.”