பன்றிச் செலவு

"பள்ளிக்கூடம் கட்டுற செலவுல பன்றி எங்கேருந்தும்மா வந்துச்சு?"

நியூசிலாந்து நன்கொடைச் சங்கத்தின் மேற்பார்வையாளர் ரசல், தாளில் விரலை ஊன்றினார். சிமெண்ட், மணல், கம்பி, ஆணி, பன்றி.

கட்டுமானக் கணக்கு பார்க்கும் சியெனி தாளைத் தன் பக்கம் திருப்பினாள். செலவை முன்கூட்டியே கணித்து, அது கணிப்பைத் தாண்டாமல் காப்பது அவள் வேலை. ஜோசியராவது கிரகத்தின் மேல் பழிபோடலாம். அவளுக்கு அந்த வசதியும் கிடையாது.

"எங்க தீவுல அது வழக்கமா வர்ற செலவுதான் சார்."

"சிமெண்ட் சொன்ன அளவுல நிக்குது. மணல்ல மிச்சமே பிடிச்சிருக்கீங்க. பன்றி மட்டும் எகிறிப் போயிருக்கு. செவுத்துக்குள்ள வச்சுப் பூசுறீங்களா?"

தலைமைத் தச்சர் யோசுவா இருமினார். சிரிப்பை மறைக்கும் இருமல் எல்லாத் தீவுகளிலும் ஒரே மாதிரிதான்.

"உங்க ஆளுங்க தின்னு தீர்த்துட்டாங்க. அப்படித்தானே?"

"நாங்க டப்பா மீன் சாப்பிடுற ஆளுங்க சார். பன்றிய..."

சியெனி முறைத்தாள். யோசுவா மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

"யார் வயித்துக்குப் போச்சுன்னு தெரியணும். இல்லேன்னா கூரைத் தகரத்துக்குப் பணம் வராது."

சுவர்கள் எழும்பி நின்றன. மேலே வெறும் வானம். மழைக்காலம் வந்துகொண்டிருந்தது. போன மழையில் பிள்ளைகள் குடைக்குள் வாய்ப்பாடு படித்தார்கள்.

"என் கணிப்புதான் தப்பு சார்," என்றாள் சியெனி. "கூடுதலா ஆனதை என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க. தகரத்தை மட்டும் நிறுத்திடாதீங்க."

ரசல் அவளை ஒரு தினுசாகப் பார்த்தார். திருடியவர்கள் இப்படிப் பேசிக் கேட்டதில்லை போலும்.

அதற்குள் ஊர்த்தலைவர் சாப்பிடக் கூப்பிட்டார். ரசல் பாயில் சம்மணமிட்டு, தன் முன் வைத்ததை வழக்கம்போல் விரல் சூப்பிச் சாப்பிட்டார். மிச்சத்தை வழக்கம்போல் ஓலைக்கூடையில் கட்டி அவர் வண்டியில் ஏற்றினார்கள். வயிறு நிறைந்ததும் மனசும் இளகியது.

"சரி, தகரத்துக்குப் பணம் தர்றேன். சம்பளத்துல எல்லாம் கைவைக்க வேணாம். ஆனா இந்தச் செலவு இனிமே ஏறக் கூடாது. மாசத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்தது பத்தல. இனி வாரா வாரம் நானே வர்றேன்."

யோசுவா திரும்பிச் சியெனியைப் பார்த்தார்.

"வாங்க," என்றார் தலைவர், கொஞ்சம் தாமதமாக. "ஊருக்குப் பெருமை."

வண்டி தென்னைகளுக்குப் பின்னால் மறைந்தது.

"ஏம்மா," என்றார் யோசுவா, "அவர் வர்ற ஒவ்வொரு தடவையும் அவருக்குத்தானே பன்றி அடிக்கிறோம். அதை ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"விருந்தாளிகிட்டப் போய் அவர் தின்ன கணக்கைச் சொல்றதா? ஊர் மானம் என்னாகிறது?"

"அப்போ உன் கணிப்பு?"

"வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவார்னு கணிச்சேன். செலவு ஏறுதான்னு பார்க்க மாசா மாசம் வந்துட்டார்."

"இனி வாரா வாரம். இதை எந்தக் கணக்குல எழுதுவ?"

சியெனி கொஞ்சம் யோசித்தாள். பிறகு பேனாவை எடுத்து, தாளில் 'பன்றி' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'மேற்பார்வை' என்று எழுதினாள்.